கேட்டுவிட்டுத் தள்ளியிருக்கலாம்

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் சேவை மனப்பான்மையில் போகவில்லை. என்.எஸ்.எஸ்.ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும், இரண்டு வருடத்தில் 240. என் கணக்கில் நிறைய குறைந்திருந்தது. "பாகாயத்தில் விளையாட்டுப் போட்டி, வாலண்டியர் வேணும், மதியச் சாப்பாடு உண்டு" என்று சொன்னதும் கை தூக்கிவிட்டேன். சாப்பாடு என்றதும் எங்கள் ஊர் பிரியாணி ஞாபகம் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். (ஆம்பூர்க்காரன் வேறு எதை நினைப்பான்? :-) )

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை எல்லோருக்கும் தெரியும். அதன் மறுவாழ்வு மையம் டவுனில் இல்லை, பாகாயத்தில் இருக்கிறது. முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு, அங்கே தங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களைத் திரும்ப வரவழைத்து நடத்துகிற கூடுதலுக்குப் பெயர் ரீஹாப் மேளா. நான் மேளா என்றதும் ராட்டினம், பஞ்சு மிட்டாய் என்று நினைத்திருந்தேன். இது வேறு. வருகிறவர்களுக்கு முதலில் உடம்புப் பரிசோதனை நடக்கும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, தோலில் எங்காவது புண் இருக்கிறதா, வீல்சேர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதோடு விளையாட்டுப் போட்டி, பாட்டு, ஆட்டம். இன்னொன்றும் நடக்கும், அதற்குப் பெயர் கிடையாது. ஒரே மாதிரி அடிபட்டவர்கள் வட்டமாக வீல்சேரைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கென்னவோ பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று தோன்றியது.

காலையில் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்கள். அதில் மூன்று விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாதவை.

ஒன்று, தண்டுவடம் அடிபட்டவருக்கு நடக்க முடியாது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. பலருக்குக் கீழே உணர்வே கிடையாது. நாம் பத்து நிமிடம் ஒரே மாதிரி உட்கார்ந்தால் நம்மை அறியாமலே நெளிவோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை மூளைக்குப் போகாது. அழுத்தம் ஒரே இடத்தில் இருந்தால் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப் புண்ணாகும். அதனால் 15, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். அன்று முழுக்க நான் பார்த்தேன். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, கைதட்டிக்கொண்டே ஒவ்வொருவராக உடம்பைத் தூக்கி இறக்குகிறார்கள். நாம் கண் சிமிட்டுவது மாதிரி அது அவர்களுக்கு.

இரண்டு, கழுத்தில் அல்லது நெஞ்சுக்கு மேல் பகுதியில் அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது. வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வியர்க்காவிட்டால் உடம்பு சூடாகிக்கொண்டே போகும். அதனால் ஈரத்துண்டும் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலும் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

மூன்று, வீல்சேரைக் கேட்காமல் தொடக்கூடாது. அது அவர்களுடைய உடம்பில் ஒரு பகுதி. முன்பின் தெரியாத ஒருவன் வந்து உங்கள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

இந்த மூன்றாவதை நான் நோட்டில்கூட எழுதிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அதற்கு முன்னால் அந்த மையத்தைப் பற்றிக் கொஞ்சம். அதற்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார், மேரி வர்கீஸ். கேரளாவில் பிறந்து சி.எம்.சி.யில் படித்து அங்கேயே வேலை பார்த்தவர். 1954ல் நடந்த ஒரு கார் விபத்தில் முதுகுத் தண்டு போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இனி டாக்டர் வேலை கிடையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் வீல்சேரில் உட்கார்ந்தபடி அந்த ஆபரேஷன்களைச் செய்ய ஆரம்பித்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, வேலூரில் அதற்கென்று தனித்துறையை நடத்தினார். பாகாயம் மையம் 1966ல் திறக்கப்பட்டது. 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986ல் இறந்துபோனார்.

இன்னொரு டாக்டர் கதையும் அன்று கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சில மாதங்களிலோ சில வருடங்களிலோ புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவார்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் அதை மாற்றினார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர். மருந்தோடு விளையாட்டையும் சிகிச்சையில் சேர்த்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் வீல்சேரில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960ல் ரோமில் நடந்த பாராலிம்பிக்ஸுக்கு விதை அதுதான். நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் 2016ல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியதும், 2024ல் பாரிஸில் துளசிமதி முருகேசன் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கியதும் அந்தப் புல்வெளியில் முளைத்த மரத்தின் காய்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு வீல்சேர் ஓட்டப் பந்தயத்தில் வேலை. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். ஓரமாக நின்று, யாராவது விழுந்தால், யாராவது கூப்பிட்டால் ஓட வேண்டும். அவ்வளவுதான். என் பக்கத்துக் கோட்டில் ஒரு அண்ணன். நாற்பது வயதிருக்கும். போளூர் பக்கத்துக் கிராமம். பந்தயத்துக்கு முன்னால் இரண்டு உள்ளங்கையிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். "எதுக்குண்ணா?" என்று கேட்டேன். "சக்கரத்துல புடி கிடைக்கும், கொப்புளமும் வராது" என்றார்.

விசில் ஊதினார்கள். ஆறு பேர். இந்த அண்ணன் தொடக்கத்திலேயே முன்னால் போனார். பாதிக்கு மேல் இவரும் இன்னொருவரும்தான். என் எதிரே வரும்போது இவருடைய முன் சக்கரம், அந்தச் சின்னச் சக்கரம், மண் இளகிய இடத்தில் சிக்கிக்கொண்டது. வண்டி திரும்பி நின்றது. அவர் பின்னால் சாய்ந்து முன் சக்கரத்தைத் தூக்கப் பார்த்தார். ஒருவர் தாண்டிப் போனார். இன்னொருவரும் நெருங்கினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கைப்பிடியைப் பிடித்து ஒரே தள்ளு.

வண்டி கிளம்பிவிட்டது. ஓரத்தில் நின்ற சிலர் கைதட்டினார்கள். எனக்கு ஏதோ சினிமாவில் ஹீரோ ரயிலை நிறுத்திய மாதிரி இருந்தது. ஆனால் அந்த அண்ணன் சக்கரத்தை விட்டுவிட்டார். வண்டி தானாக உருண்டு நின்றது. மற்ற ஐந்து பேரும் கோட்டைத் தாண்டிப் போனார்கள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி என்னைப் பார்த்து, "தம்பி, நான் உன்னைக் கூப்பிட்டனா?" என்றார்.

வெளியாள் கை பட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. அது சரியான விதி. நடுவராக நின்றவரிடம் "தப்பு என்னோடது சார்" என்று கெஞ்சினேன். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் மற்ற ஐந்து பேரும் அவரவர் கையால் ஓட்டியிருக்கிறார்களே.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றார். விட்டுவிட்ட குரல் இல்லை அது. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அவரே பேசினார்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். விழுந்து பதினோரு வருடம். இப்போது வீட்டு வாசலில் சின்னப் பெட்டிக்கடை. இந்தப் பந்தயத்துக்காக மூன்று மாதம் பழகியிருக்கிறார். எங்கே? அவர் ஊரில் தார் ரோடு ஒரு நூறு, நூற்றைம்பது மீட்டர் நன்றாக இருக்கிறதாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால் ஆறரை வரைக்கும் ஓட்டலாம், அதற்குப் பிறகு பால் வண்டியும் ஸ்கூல் பஸ்ஸும் வந்துவிடும். முதல் மாதம் கை முழுக்கக் கொப்புளம்.

"தண்ணி மோந்து குடுக்கறதுக்கு, துணி மாத்தறதுக்கு, பஸ்ஸுல ஏத்தறதுக்கு, எல்லாத்துக்கும் ஒரு ஆளு வந்து புடிப்பாங்க தம்பி. தப்பு சொல்லல, வேணும்தான். ஆனா அந்த நூறு மீட்டர் இருக்குது பாரு, அது மட்டும் எவனும் புடிக்காத எடம். நான் கடைசியா வந்திருந்தாக்கூட நானே வந்திருப்பேன்."

நான் பதில் பேசவில்லை. என்ன பேசுவது?

கை கழுவும்போது அவர் டியூபை அவிழ்த்தார். உள்ளங்கையில் கட்டை விரலுக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது. டியூப் வழுக்கி மடங்கி அங்கேயே உராய்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்தது. இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது அதுதான்.

எங்கள் சித்தப்பாவும் வீல்சேரில் இருப்பவர். இருக்க வேண்டியவர் என்று சொல்வதுதான் சரி. ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் ஹைவேயைத் தாண்டும்போது லாரி இடித்தது. நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் வீல்சேர் உண்டு. அதன் மேல்தான் துவைத்த துணியெல்லாம் கிடக்கும். சித்தப்பா பின் ரூமில் கட்டிலில் இருப்பார். கல்யாணம் என்றால், "அவருக்கு எதுக்கு சிரமம்" என்று வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். ஓட்டுப் போடுவதற்கு அப்பாவும் நானும் தூக்கிக்கொண்டு போவோம். தூக்கும் முன்னால் "தூக்கட்டுமா?" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் அப்படியே கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவருக்கு அங்கே என்ன வலி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பாகாயத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம். விபத்து நடந்தபோது வேறு இடத்தில் காட்டினோம், உயிர் பிழைத்தது, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு இப்படி ஒரு பயிற்சி உண்டு என்று யாரும் தேடவில்லை. தேடாதவர்களில் நானும் ஒருவன்.

அந்த அண்ணனிடம், "கையை அளவு எடுத்துக்கலாமாண்ணா?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். சிரித்துவிட்டுக் கையை நீட்டினார். என் நோட்டில், வாலண்டியர் விதிகள் எழுதியிருந்த அதே நோட்டில், இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பேனாவால் வரைந்துகொண்டேன். உராயும் இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டேன். கடை போன் நம்பரும் கொடுத்தார்.

அன்றிரவு காட்பாடியிலிருந்து ரயிலில் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. சித்தி நடையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இது உண்டு. கம்பெனியிலிருந்து ஏஜெண்ட் அப்பரைக் கொண்டுவந்து கொடுப்பார், பெண்கள் வீட்டில் கையால் தைத்துக் கொடுப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நீங்கள் கடையில் பார்க்கும் பளபள ஷூவின் மேல் தையல் இப்படி ஏதோ ஒரு நடையில் போட்டதாக இருக்கலாம்.

சித்தப்பா ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளியதையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இன்னாடா, பந்தயத்துல போய்த் தள்ளுனியா?"

"ஆமா சித்தப்பா."

"லூசுடா நீ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தார். வாங்கியதும் அவர் முகமே மாறிவிட்டது. பதினாறு வருடம் கட்டிங் டேபிளில் நின்ற ஆள்.

"உள்ளங்கைக்கு ஆட்டுத்தோல் போதாது. மெல்லிசா இருக்கும், ரெண்டு வாரத்துல கிழிஞ்சிடும். அடியில ஆட்டுத்தோல், மேல ஒரு பட்டை மாட்டுத்தோல். முதுகுப் பக்கம் வெட்டினதா இருக்கணும். வயித்துப் பக்கம் இழுத்துக்கும், முதுகுப் பக்கம்தான் கெட்டி." விரலால் என் படத்தின் மேல் கோடு போட்டுக் காட்டினார். "கட்டை விரலுக்குக் கீழ தையல் வரக்கூடாது. அங்கதான உராயுது? தையலை மேல்பக்கம் கொண்டுபோயிடணும்."

தெருவில் துண்டுத் தோல் விற்கிற பாய் கடையில் மறுநாள் எடை போட்டு வாங்கி வந்தேன். சித்தப்பா கட்டிலில் மடியில் பலகை வைத்து வெட்டினார். முதல் ஜோடி சரியாக வரவில்லை, அதைத் தூக்கிப் போட்டார். இரண்டாவது ஜோடிக்குச் சித்தி தையல் போட்டார். பணம் வாங்காத அப்பர் என்று சித்தி கிண்டல் வேறு. விரல் இல்லாத கிளவுஸ், மணிக்கட்டில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை. போளூர் பஸ்ஸில் பார்சலாகப் போட்டேன். நான்கு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். "தம்பி, நல்லாருக்குது. வலது கை மட்டும் கொஞ்சம் டைட்டு. அதைத் தச்சவருகிட்ட நானே பேசறேன், போனைக் குடு."

கொடுத்தேன். சித்தப்பா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். இருபது நிமிடம் பேசினார்கள். கிளவுஸைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருப்பார்கள்.

அன்று சாயந்திரம் சித்தப்பா கேட்டார். "டேய், அந்த சேர் அகலம் எவ்வளவு இருக்கும்?"

துணியையெல்லாம் எடுத்துவிட்டு டேப் வைத்து அளந்தேன். வெளிச் சக்கரத்தோடு இருபத்தைந்தரை இஞ்ச். ரூம் வாசக்கால் இருபத்துநாலு. இத்தனை வருடமாக அவர் ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தோம். மனசு உடைந்துவிட்டது என்றார் அப்பா. கூச்சம் என்றார் ஆயா. விதி என்றார் பக்கத்து வீட்டு அத்தை. ஒன்றரை இஞ்ச் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் அந்த ஒன்றரை இஞ்ச்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மனசும் கூச்சமும் இருந்திருக்கும். ஆனால் மனசை நிமிர்த்துவதற்கு முன்னால் கதவை அளந்திருக்கலாம். டேப் விலை ஐம்பது ரூபாய்.

மேஸ்திரி வந்து வாசக்காலைப் பெயர்த்து முப்பத்திரண்டு இஞ்சுக்கு மாற்றினார். தெருப் படிக்குச் சரிவும் போட்டாயிற்று. இப்போது சாயந்திரம் ஐந்து மணிக்குச் சித்தப்பா வாசலில் இருக்கிறார். பாகாயத்துக்கு வருவாரா என்று கேட்டால், "பாக்கலாம்" என்கிறார். முதலில் அங்கே ஒருமுறை உடம்பைக் காட்டச் சம்மதித்திருக்கிறார். முதுகில் ஒரு புண் ஆரம்பித்திருந்ததை நான்தான் பார்த்தேன். அந்தக் காலை வகுப்பு இல்லாவிட்டால் அது சாதாரணச் சிவப்பு என்று விட்டிருப்பேன்.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கிறார்கள், அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கீடு, பொதுக் கட்டடங்களில் சாய்தளம் என்று நிறைய இருக்கிறது. எல்லாம் தேவைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பின் ரூமுக்குச் சட்டம் வராது. அங்கே நாம்தான் போக வேண்டும்.

என்.எஸ்.எஸ். கணக்கில் எனக்கு அன்றைக்கு எட்டு மணி நேரம் போட்டார்கள். அதில் பத்து நொடியைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தப் பத்து நொடி அந்த அண்ணனுடையது. அடுத்த மேளாவுக்கும் போவேன், இந்த முறை மணிக்கணக்குக்காக இல்லை. அதே கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கூப்பிட்டால் மட்டும் ஓடுவேன்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ துணி காய்கிற வீல்சேர் ஏதாவது இருந்தால், அதில் உட்கார வேண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தள்ளுவதெல்லாம் அப்புறம்.